சாயம் தப்பினால் எங்கே பார்ப்பது: செட்டிநாட்டுத் தண்ணீரில் செடிச் சாயம் போடுகிறவர்களுக்கு

அப்பத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த கண்டாங்கிச் சேலையைக் கொண்டுவந்து காட்டி, "இந்தச் செங்கல் சிவப்பு எனக்கும் வர வேண்டும்" என்று கேட்பவர்கள் காரைக்குடிப் பக்கம் கூடிக்கொண்டே வருகிறார்கள். செய்முறை இப்போது எங்கும் கிடைக்கிறது. தப்பிப்போன துணியைப் பார்த்ததும் எந்த இடத்தில் தப்பியது என்று சொல்கிற ஆள்தான் கிடைப்பதில்லை. அலிசரின் என்ற சிவப்பை 1868-இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். 1897-இல் ஆலை நீலம் விற்பனைக்கு வந்தது. சிவப்பு தரும் சாயவேருக்கும் நீலம் தரும் அவுரிக்கும் வேலை குறைந்தபோது, கோளாறு பார்க்கத் தெரிந்த கண்ணும் வீடுகளிலிருந்து போய்விட்டது.

கீழே உள்ளவை என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கிறது, கையைக் கடிக்கிற காரணம் கடைசியில் இருக்கிறது. அந்த வரிசையிலேயே பாருங்கள். எல்லாரும் முதலில் குறை சொல்வது வேரையும் இலையையும்தான். துணியையும் தண்ணீரையும் பாத்திரத்தையும் பார்த்து முடிப்பதற்குள் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு வேண்டும். காய்ந்த பருத்தித் துணி 1 கிலோ என்றால்: சலவைச் சோடா 30 கிராம் போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்து அலசுவது, கடுக்காய்த் தூள் 200 கிராம் கரைத்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, அலசாமல் பிழிந்து நிழலில் காயவைப்பது, படிகாரம் 150 கிராம் கரைத்த வெந்நீரில் மறுபடி ஊறவைத்துக் காயவைத்து, லேசாக அலசுவது, அதன் பிறகே சாயம். ஒவ்வொரு நீரும் 25 லிட்டருக்குக் குறையக் கூடாது. கடுக்காயைக் கொட்டை நீக்கி இடியுங்கள். கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று வைத்தியத்தில் சொல்வார்கள். சாயத்திலும் அந்த அகத்தால் பயனில்லை, துவர்ப்பு முழுவதும் சதையில்தான் இருக்கிறது.

ஒரு கட்டுப்பாடு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சோதனை எதையும் பெட்டியிலிருந்து எடுத்த பழைய சேலையில் செய்யாதீர்கள். அதற்குக் கடைசியில் தனிப் பகுதி இருக்கிறது.

## சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கிறது

சாயம் போடாத அதே துணியில் ஒரு துண்டை விரித்து, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

### சொட்டு உருண்டு நிற்கிறது அல்லது தயங்கி இறங்குகிறது

துணிக்குள் கஞ்சியோ எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. தறியிலிருந்து இறங்கிய துணியில், நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். காடாத் துணியில் அதற்கும் மேலாகப் பஞ்சின் சொந்த மெழுகும் உண்டு. ஒரு முறை சோப்பில் அலசினால் இது போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, இலேசாகப் புளித்த வாடை வரும்வரை விட்டு, அலசி, அதன் பிறகு சோடாவில் வேகவையுங்கள். முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். அதைப் பார்த்துத் துணியே சாயம் விடுகிறது என்று பயப்பட வேண்டாம், போவது அழுக்கு. சொட்டு விட்டதும் உள்ளே மறைகிறவரை திரும்பச் செய்யுங்கள். இந்த வேலையில் அலுப்புத் தட்டுகிறவர்கள்தான் பிறகு படிகாரத்தை மாற்றிப் பார்க்கிறார்கள், வேரை மாற்றிப் பார்க்கிறார்கள், கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

### சொட்டு உடனே மறைகிறது

துணி சுத்தம். அப்படியானால் தவறு பானையில் நடந்திருக்கிறது. காய்ந்த துணியைச் சாயத்தில் போட்டிருப்பீர்கள். நனைத்துப் பிழிந்துதான் போட வேண்டும். அல்லது சிறிய பாத்திரத்தில் திணித்திருப்பீர்கள். துணி தண்ணீரில் தாராளமாகப் புரள வேண்டும், முதல் அரை மணி நேரம் கையை எடுக்காமல் புரட்ட வேண்டும். வெளிறிய புள்ளிகளும் அடர் புள்ளிகளும் கலந்து தெரிந்தால் படிகாரம் முழுதாகக் கரையவில்லை. தனிப் பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றிக் கரைத்து, வடிகட்டிச் சேருங்கள்.

### கோடு கொடி போட்ட இடத்தில் இருக்கிறது, அல்லது கீழ்க்கரை மட்டும் அடர்ந்திருக்கிறது

காயப்போட்டதில் தப்பு. ஈரம் வடியும் பக்கம் படிகாரமும் கடுக்காயும் கூடவே இறங்கிச் சேர்கின்றன. சித்திரை வெயிலில் இது கண் எதிரிலேயே நடக்கும். வீட்டு நடுமுற்றமான வளவைச் சுற்றிய தாழ்வாரத்து நிழலில், அடிக்கடி பக்கம் மாற்றிப் போட்டுக் காயவைத்தால் தீரும்.

### கோடு நெசவின் வழியாகவே ஓடுகிறது

குறுக்கே ஓடும் ஊடையில் இரண்டு வகை நூல் கலந்திருக்கிறது. இதைச் சாயக்காரரால் சரிசெய்ய முடியாது. மீதித் துணியை வெட்டுவதற்கு முன் நெசவாளரிடம் காட்டிவிடுங்கள்.

## நிறமே ஏறவில்லை

முதலில் தராசு. துணியை எடை போடாமல் "இரண்டு கைப்பிடி" என்று போட்டவர்களுக்கு இதற்கு மேல் படிக்க வேண்டிய தேவை இருக்காது.

அடுத்து தீக்குச்சி. துணியின் ஓரத்திலிருந்து நான்கு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். நூல் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக நின்றால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. பாவையும் ஊடையையும் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள், ஒன்றில் மட்டும் கலந்திருப்பதும் உண்டு. நாம் பேசுகிற எந்தச் செடிச் சாயமும் பருத்தியில் ஏறுகிற மாதிரி பாலியெஸ்டரில் ஏறாது. "சுத்தக் காட்டன்" என்று சொல்லி விற்றார்களே என்றால், பஞ்சாயத்து கடையில் நடக்க வேண்டியது, அடுப்படியில் அல்ல. பெரிய கொள்முதல் என்றால் கோயம்புத்தூர் சிட்ராவில் நூல் கலவையைச் சோதித்து அறிக்கை தருவார்கள். 1956-இல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் அது. அறிக்கை கையில் இருந்தால் கடையில் பேச்சும் குறையும்.

துணி பருத்திதான் என்றால், கடுக்காயை விட்டுவிட்டு நேராகப் படிகாரத்துக்குப் போனீர்களா என்று பாருங்கள். பட்டும் கம்பளியும் படிகாரத்தைத் தாமாகப் பிடித்துக்கொள்ளும். பருத்தி பிடிக்காது, கடுக்காயின் துவர்ப்பு முதலில் ஏறினால்தான் படிகாரம் அதில் தங்கும். மாதுளைத் தோலும் ஆவாரம்பட்டையும் தாமே துவர்ப்புள்ளவை. அவற்றில் கடுக்காய் இல்லாமலும் ஓரளவு தப்பித்துவிடலாம். சாயவேரில் முடியாது.

எல்லாம் சரியாக இருந்து பொருளில்தான் குறை என்றால், அது கடைசியாக வருகிற, காசு செலவாகிற காரணம். சாயவேரில் நிறம் வேரின் பட்டையில் இருக்கிறது. மண்ணும் தண்டும் கலந்து எடை கூட்டிய வேர் ஏமாற்றும். ஒரு துண்டைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். நல்ல வேர் சிவந்து ஊதாச் சாயல் காட்டும். ஒன்றும் காட்டாத வேரை இரண்டு மடங்கு போட்டாலும் அதே கதைதான்.

## சிவப்பு செத்து, பழுப்பாகவோ சேற்று நிறமாகவோ வருகிறது

இந்த ஊரில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். காரணமும் இந்த மண்ணோடு சேர்ந்தது. செம்மண்ணும் செம்புறாங்கல்லும் சிவப்பாக இருப்பது இரும்பால். அந்த இரும்பு பல இடங்களில் தண்ணீரிலும் இறங்குகிறது. படிகாரம் போட்ட துணியில் இரும்பு சிறிதளவு சேர்ந்தாலும் சிவப்பு மங்கும், மஞ்சள் பாசி நிறமாகும்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரையும், இன்னொன்றில் மழைநீரையோ கடையில் வாங்கிய வடிநீரையோ ஊற்றுங்கள். இரண்டிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டுக் கலக்கி, கால் மணி நேரம் வையுங்கள்.

### உங்கள் தண்ணீர் சாம்பல் அல்லது கருநீலமாக மாறுகிறது

இரும்பு இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். வாளியில் பிடித்ததும் ஒரு முறை, குழாயிலிருந்து நேராகத் தம்ளரில் பிடித்து ஒரு முறை சோதியுங்கள். குழாய்த் தண்ணீர் தெளிவாக இருந்து வாளித் தண்ணீர் கறுத்தால் குற்றவாளி வாளியோ தகர டிரம்மோதான். பழைய இரும்புக் குழாய் வழியாக வருகிறது என்றால் காலையில் முதலில் வரும் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடித்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆழ்துளைக் கிணற்றிலிருந்தே வருகிறது என்றால், பிடிக்கும்போது தெளிவாக இருந்து இரவு முழுக்க வைத்ததும் அடியில் மஞ்சள் வண்டல் தங்கும். அதை இரண்டு வாளிகளுக்கு இடையே உயரத்திலிருந்து பலமுறை மாற்றி ஊற்றிக் காற்றுப்படவிட்டு, ஒரு நாள் வைத்து, மேல் தண்ணீரை மட்டும் மணலிலும் துணியிலும் வடித்துக் கடுக்காய்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இதிலேயே பலருக்குத் தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து இரும்பின் அளவைக் கேளுங்கள். இரும்பு நீக்கும் வடிகட்டி வாங்குவது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான். ஆய்வு செய்யாமல் வடிகட்டி விற்க வருகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று தாளில் இருந்தாலும் சிவப்புக்குத் தகுந்தது என்று பொருள் இல்லை. குடிப்பதற்குப் பிழையில்லாத அளவு இரும்பே சாயத்தைக் கெடுத்துவிடக்கூடும்.

மழைநீர் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். சரிதான். வளவில் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் இறங்கும் தண்ணீரை மூலையில் கிடாரம் வைத்துப் பிடித்த வீடுகள் இவை. ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை ஓடு கழுவ விட்டுவிட்டு, அதன் பின் வருவதைப் பிடித்து மூடிவைத்தால் ஆண்டு முழுவதும் வெளிர் நிறச் சாயங்களுக்குப் போதும். ஊருணித் தண்ணீரும் மென்மையானதுதான். ஆனால் குடத்தில் மொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பயன்படுத்துங்கள். துணியை அங்கே அலசுவதும், சாயக் கழிவை அங்கே கவிழ்ப்பதும் கூடாது. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கவே விடாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

### தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது

பாத்திரத்தைப் பாருங்கள். இரும்புச் சட்டி கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். பித்தளை அண்டாவும் செம்புக் கொப்பரையும் நிறத்தைத் திருப்பும் என்பது பலருக்குத் தெரியாது. ஈயம் பூசியது தேய்ந்துபோன அண்டாவில் மஞ்சள் போட்டால் பச்சைச் சாயல் வரும். எவர்சில்வர் பிழையில்லை. அதைவிட நல்லது, மங்குச் சாமான் என்று ரங்கூன், பினாங்கு காலத்தில் வந்திறங்கிய எனாமல் பாத்திரங்கள். ஆனால் பூச்சு உதிர்ந்து கறுத்த இடம் உள்ளே இருந்தால், அந்த இடத்தில் பட்ட துணியில் சாம்பல் புள்ளி விழும். புள்ளிகள் ஒரே உயரத்தில் வரிசையாக இருந்தால் இதுதான் காரணம். விளிம்பில் மட்டும் உதிர்ந்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பாத்திரமும் சரி என்றால் படிகாரம். ஒரு தம்ளர் மழைநீரில் படிகாரத்தைக் கரைத்து அதே கடுக்காய்ச் சோதனையைச் செய்யுங்கள். வெளிர் மஞ்சளாகத் திரண்டால் நல்ல படிகாரம். சாம்பல் நிறம் தட்டினால் அதில் இரும்பு இருக்கிறது. தண்ணீர் சுத்திகரிக்க விற்கும் அழுக்கு மஞ்சள் கட்டியை மலிவு என்று வாங்காமல், நாட்டு மருந்துக் கடையில் கண்ணாடிபோலத் தெளிந்த கட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுப்பையும் விட்டுவிடாதீர்கள். மஞ்சிட்டி என்ற இன்னொரு சிவப்பு வேரில் சிவப்போடு பழுப்பும் இருக்கிறது. கொதிக்கவிட்டால் பழுப்பு மேலே வரும். கை பொறுக்காத சூட்டில், கொதி வராமல் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். சாயவேர் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. அதை மெல்ல மெல்லச் சூடேற்றிக் கொதிவரை கொண்டுபோகலாம்.

### மழைநீருக்கு மாறிய பிறகு சிவப்பு இன்னும் வெளிறிவிட்டது

முரணாகத் தோன்றும், ஆனால் நடக்கிறது. சாயவேரிலும் மஞ்சிட்டியிலும் உள்ள சிவப்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மழைநீரில் அது இல்லை. சாய நீரில் துணியின் எடைக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு வெள்ளைச் சுண்ணக்கட்டிப் பொடி சேர்த்துப் பாருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு என்றால் சிட்டிகைக்கு மேல் வேண்டாம், கூடினால் ஊதாவுக்குப் போய்விடும். இரும்பில்லாத உப்புக் குறைந்த கேணித் தண்ணீர் உங்கள் வீட்டில் இருந்தால், சிவப்புக்கு அதையும் மற்றவற்றுக்கு மழைநீரையும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னோர் குறிப்பிட்ட கிணற்றைத் தேடிப் போனார்கள் என்று கதை சொல்வார்கள். அதில் மர்மம் இல்லை, வேதியியல்தான்.

## மஞ்சள் துணி சோப்புப் பட்டதும் சிவந்துவிட்டது

மஞ்சள் கிழங்கில் போட்ட துணி. சோப்பின் காரத்தில் சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் அலசினால் உடனே திரும்பும். கோளாறு இல்லை, அந்தப் பொருளின் குணம். நல்ல நாளுக்கு மஞ்சள் நனைக்கும் வேட்டிக்கு அது போதும், ஆண்டுக்கணக்கில் உடுத்தும் சேலைக்குப் போதாது. நிலைத்த மஞ்சள் வேண்டுமென்றால் மாதுளைத் தோல், துலுக்கச் சாமந்தி, காயா மரத்து இலை ஆகியவற்றுக்குப் போங்கள்.

## அவுரித் தொட்டியில் நீலம் வரவில்லை

"தம்பி, ஒரு கிலோ அவுரிப் பொடி கொட்டியாகிவிட்டது, பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் காணோம்" என்று ஓர் ஆச்சி கேட்டார். நான் முதலில் கேட்டது பொடி எந்தக் கடையில் வாங்கியது என்று.

### நீங்கள் வாங்கியது இலைப்பொடி

தென்மாவட்டங்களில் மலமிளக்கிக்காகப் பயிரிடும் நிலாவாரையையும் அவுரி என்றே சொல்கிறார்கள். அதில் நீலம் கிடையாது. பொடியில் ஒரு கரண்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் துணியில் தடவி, காற்றில் வையுங்கள். நீல அவுரி என்றால் ஒரு மணி நேரத்தில் ஓரத்தில் நீலம் எட்டிப் பார்க்கும். அது நீல அவுரியாகவே இருந்தாலும் தலைக்குப் பூசுகிற இலைப்பொடி தொட்டிக்கு ஆகாது. தொட்டிக்கு வேண்டியது இலையை ஊறவைத்து, கலக்கி, வண்டலை உலர்த்திய நீலக்கட்டி. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது, கட்டியும் ஆகிறது. விலை அதிகம்தான். வேறு வழியில்லை.

### நீலக்கட்டிதான், ஆனால் தொட்டித் தண்ணீர் நீலமாகவே இருக்கிறது

இதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் உண்டு. நீலமாக இருக்கும் தொட்டி வேலைக்கு ஆகாத தொட்டி. மேல்நுரையை ஒதுக்கி, நடு ஆழத்திலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் மெல்ல மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். தயாரான தொட்டி உள்ளே மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், மேலே செம்பு மினுக்குடன் ஆடை கட்டியிருக்கும், துணி பச்சையாக வெளியே வந்து காற்றில் நீலமாகும்.

நீலமாகவே இருந்தால் வரிசையாகப் பாருங்கள். நாள் போதவில்லையா? சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் போட்ட தொட்டி நொதித்து வரப் பல நாள் ஆகும். அதுவரை ஒரு நாளைக்கு ஒரு முறை, காற்றுப் புகாமல், சுழற்றினாற்போல் கலக்கினால் போதும். மத்துப்போட்டுக் கடைந்தால் நீலம் திரும்பிவிடும். குளிர்கிறதா? மார்கழி இரவில் தொட்டி உறங்கிவிடும். பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைப்பது இதற்காகத்தான். அதற்கு வழியில்லாதவர்கள் வைக்கோலும் சாக்கும் சுற்றி வெயில் படும் சுவரோரம் வையுங்கள். பசியா? தகரை விதை இன்னும் ஒரு பிடி வேகவைத்து, ஆறவைத்து, நீரோடு ஊற்றுங்கள். வெல்லமும் ஆகும், ஆனால் ஒரே நாளில் நிறையப் போட்டால் புளித்துவிடும்.

### புளித்த நாற்றம் அடிக்கிறது

நொதிக்கும் தொட்டிக்கு ஒரு வாடை உண்டு, அதற்குப் பழக வேண்டும். மூக்கில் ஏறும் புளிப்பு வாடை வேறு. காரத்தை அளக்கும் பிஎச் காகிதம் ஒரு துண்டு நனையுங்கள். 9-க்குக் கீழே போயிருந்தால் சுண்ணாம்பு குறைவு. நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்து 10 பக்கம் கொண்டுவந்து, மறுநாள்வரை தொடாதீர்கள். காகிதம் 11-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு கூடிவிட்டது, நொதி முடங்கிவிட்டது. சுண்ணாம்பை நிறுத்தி, விதை நீர் கொடுத்துக் காத்திருங்கள். வாரக்கணக்கில் ஊட்டியும் அசையாத தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். நீலம் அடியில் அப்படியே இருக்கும். வேலை செய்கிற தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு குடம் நீர் வாங்கி ஊற்றுவது, தயிருக்கு உறை ஊற்றுகிற அதே வேலைதான்.

அதற்கும் அசையவில்லை என்றால் சாயப்பட்டறைக்காரரிடம் போக வேண்டிய இடம் இது. அவர் ஹைட்ரோவும் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) காஸ்டிக் சோடாவும் போட்டு அரை மணி நேரத்தில் எழுப்பிவிடுவார். அவற்றை வீட்டில் வாங்கி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வை போகும், ஹைட்ரோ ஈரம் பட்டால் சூடாகித் தீப்பிடிக்கும்.

## துவைத்தால் ஒழுகுகிறது, உடுத்தினால் உடம்பில் ஒட்டுகிறது

இரண்டும் ஒன்றல்ல. ஈரத்தில் ஒழுகுகிறதா, காய்ந்த நிலையில் தேய்த்தால் ஒட்டுகிறதா என்று வெள்ளைக் கைக்குட்டையால் முதலில் பிரியுங்கள்.

ஈரத்தில் மட்டும் ஒழுகினால், முதல் இரண்டு மூன்று அலசலில் வருவது பிடிக்காமல் நின்ற மிச்சம். தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஐந்தாவது அலசலிலும் அதே அடர்த்தியில் வந்தால் படிகாரம் ஏறவில்லை. பழையபடி கடுக்காயிலிருந்து தொடங்க வேண்டும், குறுக்குவழி இல்லை. உப்பும் காடியும் போட்டுச் சாயத்தைக் கட்டலாம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். செடிச் சாயத்தில் அது பயன்படுவதை நான் பார்த்ததில்லை. சலவைத்தூள் நுரையும் ஒரு காரணம். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீருக்கு மாறி, ஒரு முறை துவைத்துப் பாருங்கள்.

காய்ந்த நிலையில் ஒட்டினால் அநேகமாக அவுரி. அவசரமாக ஒரே முக்கில் அடர்நீலம் எடுத்திருப்பீர்கள், நீலம் நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சோப்பு நீரில் கொதிக்கவிட்டு அலசினால் மிச்சம் போகும், நிறம் ஒரு படி இறங்கும். அடுத்த முறை சிறு சிறு முக்காக, ஒவ்வொன்றுக்கும் நடுவே காற்றில் முழுதாக நீலமாகவிட்டு ஏற்றுங்கள்.

விற்பனைக்குப் போடுகிறவர்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். துவைப்புக்கும் தேய்ப்புக்கும் வெளிச்சத்துக்கும் சிட்ராவில் தனித்தனியே தரம் போட்டுத் தருவார்கள்.

## வெயிலில் வெளுத்துவிட்டது

மஞ்சள் கிழங்கு, பீட்ரூட், செம்பருத்தி, பதிமுகம் இவற்றில் எதைப் போட்டீர்கள்? முதல் மூன்றும் வெளிச்சத்தில் நிற்காது. பதிமுகம் கொஞ்ச நாள் நின்று ஏமாற்றும். இதற்குப் பரிகாரம் கிடையாது. துணியை நன்றாக அலசி, நிலைத்த சாயத்தில் மறுபடி போடுங்கள். சாயவேரும் அவுரியும் மாதுளைத் தோலும் போட்ட துணி வெளுத்தது என்றால் மட்டும் மேலே "நிறமே ஏறவில்லை" பகுதிக்குத் திரும்புங்கள்.

## பழைய கண்டாங்கியில் கறுப்புக் கட்டம் இற்றுக் கொட்டுகிறது

சேலையின் அரக்கும் மஞ்சளும் உறுதியாக இருக்கும். கறுப்பு நூல் ஓடும் இடம் மட்டும் விரல் பட்டதும் தூளாகும். பூச்சி என்று நினைத்து உருண்டை வாங்கி வைக்கிறார்கள். பூச்சி நிறம் பார்த்துத் தின்னாது. கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பைச் சேர்த்து எடுத்த கறுப்பு இது. அந்த இரும்பும் அமிலமும் பல ஆண்டுகளில் பஞ்சைத் தின்றுவிடுகின்றன. இற்ற நூலைத் திரும்ப உறுதியாக்க முடியாது. வேகத்தைக் குறைக்க மட்டும் முடியும்.

உங்களால் செய்யக்கூடியது: துவைப்பதை நிறுத்துங்கள். மடிப்பை மாற்றுங்கள், பல ஆண்டு ஒரே மடிப்பில் இருந்த இடம்தான் முதலில் பிளக்கும். கஞ்சி போக அலசிய வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுருட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பெட்டியின் மரம் நேராகப் படக் கூடாது.

செய்யக் கூடாதது: மறுபடி சாயம் போடுவது. "அப்பத்தா சேலையைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்து தாருங்கள்" என்று எத்தனை பேர் கேட்டாலும் நான் வாங்குவதில்லை. வெந்நீரும் சோடாவும் கண்ட அன்றே அது கந்தலாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்கு வருத்தமாக இருக்கும். சேலை 1920-களில் நெய்தது என்றால், அது செடிச் சாயம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆலைச் சிவப்பும் ஆலை நீலமும் அதற்கு வெகு முன்பே சந்தைக்கு வந்துவிட்டன. சாயவேரின் சிவப்பும் ஆலை அலிசரினும் ஒரே நிறப்பொருள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வேரில் கூடவே வரும் சிறு பொருள்களை வைத்து ஆய்வுக்கூடத்தில்தான் பிரிக்க முடியும்.

பிளவு கையகலத்தைத் தாண்டினாலோ, சேலையைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட எண்ணினாலோ, ஜவுளிப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் போங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாப்புக்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம். தையற்காரரிடம் கொடுத்துப் பின்னால் துணி வைத்து ஒட்டவோ தைக்கவோ வேண்டாம், பசையும் ஊசித் துளையும் மிச்சத்தையும் பிளக்கும்.

புதுச் சேலையில் அதே கறுப்பு வேண்டுமென்றால் இரும்பைக் குறைப்பதற்கு வழி இருக்கிறது. நூல் சிட்டத்தை முதலில் அவுரியில் நன்றாக அடர்நீலம் ஏற்றி, அலசிக் காயவைத்து, அதன் மேல் கடுக்காய் கொடுங்கள். பிறகு துருவும் பனைவெல்லமும் ஊறிய கறுப்பு நீரையோ, 1 கிலோ நூலுக்கு 20 கிராம் அன்னபேதி என்ற இரும்பு உப்பையோ தனிப் பாத்திரத்தில் கொடுத்து, பத்து நிமிடத்தில் எடுத்து, தெளிகிறவரை அலசுங்கள். அன்னபேதியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பெயர் எழுதி வையுங்கள். நீலம் அடியில் இருப்பதால் இவ்வளவு இரும்பிலேயே கறுப்பு ஏறிவிடும். அந்தப் பாத்திரத்தையும் கலக்கிய கோலையும் சிவப்பு வேலைக்கு எடுக்காதீர்கள்.